மை எங்க போச்சு

ஏ அம்மிணி, அந்தப் பொட்டியக் கொஞ்சம் உம்பக்கம் சாச்சு வெச்சுக்க, முட்டியில இடிக்குது. இரு, மேல என்னமோ படம் போட்டிருக்குதே, பிரிண்டரா? காட்ரிஜ் போடறதா? அட சாமி. ஊட்டுக்கு வாங்கீட்டுப் போறயா. சரி, நான் ஒண்ணுஞ் சொல்லலை. புதுச் சாமான் வாங்கீட்டுப் போற பொண்ணுகிட்ட அபசகுனமாப் பேசக்கூடாது.

ஆனாப் பேசாமயும் இருக்க முடியலையே. நான் சித்தோட்டுல எறங்கோணும், அதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன். எம்பேரு சம்பூர்ணம். எங்கூட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அதனாலதான் இருபத்தாறு வருசம் ஒரே ஊட்டுல இருந்த என்ற ஓரகத்தி எனக்குத் துரோகம் பண்ணீட்டா. ஓரகத்தின்னா எங்கூட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, தமயந்தின்னு பேரு. இப்ப சித்தோட்டுல தனியாக் குடியிருக்கறா. அவளப் பாக்கத்தான் போறேன். ஆவணி எட்டாந் தேதி எம்பொண்ணுக்குக் கல்யாணம். அவ வருவாளா மாட்டாளான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும். அவ வரலைன்னா எம்பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிக்கறதுன்னு தெரியலை.

நாங்க கீழ, அவங்க மாடி. அடுப்பு ரெண்டு இருந்தாலும் கொழம்பு ஒண்ணுதான். எவ மொதல்ல வெக்கறாளோ அவ கிண்ணத்துல ஊத்தி அனுப்பீருவா. கல்யாணமாகி வந்தப்ப அவளுக்கு ஒழுங்கா மாவாட்டத் தெரியாது, நாந்தான் கத்துக் குடுத்தேன். எம்பொண்ணு கோகிலவாணிக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப அவதான் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா, அதையும் நான் இல்லைங்கலை. நல்லது பண்ணுனதைச் சொல்லாம உட்டுட்டாத் தப்பு. எல்லாத்தையும் மனசுல வெச்சுக்கிட்டுத்தான் கேக்கறேன், அப்படிப்பட்டவ இப்படிப் பண்ணலாமா?

எனக்குக் கோகி ஒருத்தி, அவளுக்குத் தாரணி ஒருத்தி. கோகிதான் மூத்தவ, எட்டு மாசந்தான் வித்தியாசம். ரெண்டுத்துக்கும் ஒரே சமயத்துல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சோம், அங்கதான் கெரகம் புடிச்சுது. ஒரே குலக் கூட்டம், ஒரே கோயிலு, ரெண்டும் படிச்ச பொண்ணுக. நல்ல மாப்பிள்ளை ஒருத்தன் இருக்கறான்னு வந்தா அவன் ரெண்டு பேருக்குமே பொருந்துவான். யாரு ஜாதகம் முந்திப் போவுதோ அவளுக்குத்தான் அந்த எடம். வெளிய சொல்லிக்கலையே தவிர, ரெண்டு பேருக்கும் உள்ளுக்குள்ள அது இருந்துச்சு. எனக்கு இருந்துச்சு. அவளுக்கும் இருந்திருக்கும், இல்லாமயா?

கோகி ஊட்டுல இருந்தே வேலை பாத்தப்ப அந்தப் பிரிண்டர வாங்குனா. அவ சென்னைக்குப் போனதும் அது எனக்குன்னு ஆயிருச்சு. நான் பத்தாவதுதான் படிச்சேன். ஆனா ஜாதகத்தை நானே கம்ப்யூட்டர்ல போட்டு, நானே பிரிண்ட் எடுப்பேன். மேல பிள்ளையார் சுழி, சுத்தீலும் செவப்புக் கோடு போட்ட கட்டம், ரெண்டாவது தாள்ல கலர் போட்டோ. நாலு மூலைக்கும் மஞ்சள் தொட்டு வெச்சேன்னா பாக்கறவங்களுக்கு அப்பவே ஊட்டுக்குள்ள வெளக்கேத்துன மாதிரி இருக்கும். ஜெராக்ஸ் கடைப் பக்கமே போகமாட்டேன். நாம ஒரு காப்பி கேட்டா அவன் ரெண்டு எடுத்து ஒண்ணைத் தரகருகிட்டத் தள்ளி உட்டுருவான். எம்பொண்ணு ஜாதகம் என் கையத் தாண்டித்தான் வெளிய போகோணும்னு எனக்கு ஒரு வைராக்கியம்.

அந்த மெஷினை நான் எப்படி வெச்சிருந்தேன் தெரியுமா? துணி போட்டு மூடி, வாரத்துக்கொருக்கா தொடச்சு, அலுங்காம வெச்சிருந்தேன். ரெண்டு தாள் எடுத்ததும் செவுத்துல இருக்கற சுவிட்சைப் பட்டுனு அணைச்சுருவேன். மெஷின் மேல இருக்கற பொத்தானையெல்லாம் நான் நம்பறதில்லை, அடியோட அணைச்சாத்தான் அணைச்ச மாதிரி. ஒரு தடவை இடி உழுந்து எங்கூட்டு டிவி கருகிப் போச்சு, அதுல இருந்தே அப்படித்தான். மறுபடி போட்டா அது கரகரன்னு சித்த நேரம் மொனகும். வயசான மனுசன் எந்திரிக்கறப்ப மொனகற மாதிரின்னு நெனச்சுக்குவேன்.

சித்திரை மாசம் வாக்குல மை கொறைய ஆரம்பிச்சுது. கம்ப்யூட்டர்ல காட்டுமில்ல, மை எத்தனை இருக்குதுன்னு ஒரு பட்டை? நேத்துப் பாதி இருந்த பட்டை இன்னைக்குக் காலுக்கு வந்துருது. நான் எடுத்தது ரெண்டே தாளு. புதுசு வாங்கிப் போட்டேன். அதும் மூணாம் வாரம் காலி. காலியாகறது ஒருபக்கம்னா, வர்ற படம் அதவிட மோசம். செவப்பு வரலை. எம்பொண்ணு மூஞ்சி பச்சைப்பசேல்னு வருது. அந்தப் போட்டோவ மாப்பிள்ளை ஊட்டுக்குக் குடுத்தா பொண்ணுக்கு என்ன வியாதின்னு கேப்பாங்க.

நானும் பாக்காத வைத்தியம் இல்லை. காட்ரிஜ்ஜைக் கழட்டி மாட்டுனேன், உதறுனேன். கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்றதுன்னு ஒரு பொத்தான் இருக்குதே, அதை ஒரே நாள்ல ஏழெட்டுத் தடவை அமுத்துனேன். கடேசியா அந்தக் காட்ரிஜ் வாயில ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் உட்டேன். சிரிக்காத அம்மிணி. தையல் மெஷினுக்கு உடறதில்லையா? எது இறுகிப் போனாலும் எங்கூட்டுல எண்ணெய்தான். அதுக்கப்புறம் இருந்த நீலமும் நின்னு போச்சு.

இப்ப நீயே சொல்லு. நான் ரெண்டு தாள் எடுக்கறேன், மை இருபது தாளுக்குப் போவுது. ஊட்டுக்குள்ள வேற யாரு வர்றா? எங்கூட்டுக்காரருக்கு டிவி ரிமோட்டே புடிக்கத் தெரியாது. கீழ் ஊட்டுச் சாவி இன்னொண்ணு யாருகிட்ட இருக்குது? தமயந்திகிட்ட. நாங்க வெளிய போனா வந்து செடிக்குத் தண்ணி ஊத்தீட்டுப் போறவ அவதான். ஒருநாள் சாயங்காலம் கொழம்பு வாங்க வந்தா, அவ விரலு நுனியில நீலமா ஒரு கறை. என்னடின்னு கேட்டேன். உங்க மெஷினைத்தான் வெதுவெதுன்னு தண்ணியில துணி நனைச்சுத் தொடச்சு வெச்சேனுங்க்கா, இனி வரும்னு சொன்னா. நான் கேக்காம எம்மெஷினை இவ எதுக்குத் தொடைக்கோணும்? அதுக்கப்புறம் ரெண்டு நாள் நல்லாத்தான் வந்துச்சு. ஆனாச் சந்தேகம் ஒரு தடவை உள்ள வந்து உக்காந்துட்டா நல்லா வந்ததும் கண்ணுக்குத் தெரியாது.

அதவிடப் பெருசு ஒண்ணு கேளு. ஒருநாள் நான் பிரிண்ட் எடுத்துட்டு வழக்கம் போல சுவிட்சை அணைக்கறேன். இவ வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தவ, மெதுவாச் சொன்னா.

"அக்கா, அதைச் செவுத்துல அணைக்காதீங்க. மெஷின்லயே அணைச்சுட்டு உட்டுருங்க. தாரணி சொன்னா, அப்படி அணைச்சா மை வீணாப் போகுதாமுங்க."

எனக்குப் பொக்குன்னு ஆயிருச்சு. அணைக்காம உட்டா யாருக்கு நல்லது? சுவிட்சைத் தொடாமயே நெனச்ச நேரத்துக்கு வந்து பிரிண்ட் எடுத்துக்கலாம், எனக்குத் தெரியவே தெரியாது. திருடவும் செஞ்சுட்டு, வெளக்கைப் போட்டு வெய்ங்கன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. சரீன்னு தலையாட்டுனேன். அன்னைக்கு ராத்திரியில இருந்து சுவிட்சை அணைச்சது மட்டுமில்லாம, பிளக்கையும் புடுங்கி வெச்சேன்.

அந்தச் சமயத்துலதான் நம்பியூர்ல ஒரு எடம் வந்துச்சு. பையன் பேங்குல வேலை, கெணத்துல வத்தாத தண்ணி, ஒரே அக்கா, அவளும் கட்டிக் குடுத்தாச்சு. நானும் கோகி ஜாதகத்தை அனுப்போணும்னு துடிக்கறேன், மெஷின் பச்சை மூஞ்சியாவே துப்புது. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். ஒருநாள் தரகரு எதுக்க வந்தாரு. நம்பியூருக்கு அனுப்பட்டுமான்னு கேட்டேன். அதுதான் உங்கூட்டு ஜாதகம் போயி ஒரு வாரமாச்சுங்களே, அவங்களுக்குப் புடிச்சுப் போச்சாமுங்களேன்னாரு. நான் அனுப்பலை. அப்ப எங்கூட்டுல இருந்து போனது யாரு ஜாதகம்? எந்த மையில அடிச்சது? யாருதுன்னு அவருகிட்டக் கேக்காமயே திரும்பி நடந்துட்டேன்.

ஆனாலும் எடுத்தேன் கவுத்தேன்னு நான் பேசலை அம்மிணி. அம்மன் கோயில்ல போயி பூக் கேட்டேன். எங்க பக்கமெல்லாம் பெரிய காரியம்னா பூக் கேக்காமப் பண்ணமாட்டோம். வெள்ளைப் பூவும் செவப்புப் பூவும் தனித்தனியா எலையில மடிச்சு அம்மன் முன்னாடி போட்டு ஒண்ணை எடுக்கறது. வெள்ளை வந்தா தமயந்தி எடுக்கலை, செவப்பு வந்தா எடுத்திருக்கறான்னு நெனச்சுக்கிட்டேன். செவப்புத்தான் வந்துச்சு. மொதத் தடவை வெள்ளை வந்துச்சுதான். ஆனா அப்ப நான் கண்ணை ஒழுங்கா மூடலை, மனசும் ஒரு நெலையில இல்லை. ரெண்டாந் தடவையும் வெள்ளை. மூணாந் தடவை செவப்பு. மூணு தரம் கேட்டாத்தான முறை? கடேசியா வர்றதுதான் வாக்கு. பூசாரி ஒரு மாதிரியாப் பாத்தாரு, நான் கண்டுக்கலை.

மாமனாரு திதி வந்துச்சு. நாத்தனாருக ரெண்டு பேரும், ஒறம்பரை சொந்தக்காரங்கெல்லாமும் வந்திருந்தாங்க. பந்தி முடிஞ்சு பொம்பளைக மட்டும் சாப்புட உக்காந்தோம். தமயந்தி எனக்கு ரசம் ஊத்த வந்தா. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியலை, எலையை மூடீட்டேன். எல்லாரும் பாக்கறாங்க. அத்தனை பேரு முன்னாடியும் கேட்டுப் போட்டேன். மை திருடுனதைக் கேட்டேன், கள்ளச்சாவி போட்டு வந்ததைக் கேட்டேன், எம்பொண்ணுக்கு வந்த எடத்தை உம்பொண்ணுக்குத் திருப்பிக்கிட்டியேன்னு கேட்டேன். ஒரே கூரைக்குள்ள இருந்துக்கிட்டே கழுத்தறுத்தியேடின்னு கேட்டேன். வாயில வந்ததெல்லாம் வந்துச்சு. தாரணி அழுதுக்கிட்டே மாடிக்கு ஓடுனா.

அவ அந்த ரசக் கரண்டியப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா.

"நான் எடுக்கலீங்க்கா."

அவ்வளவுதான். சண்டை போடலை, சாமி மேல சத்தியம் பண்ணலை, எனக்கு நாலு திருப்பிக் குடுக்கலை. ரசத்தை அடுத்த எலைக்கு ஊத்தப் போயிட்டா. குத்தமில்லாதவ இப்படியா இருப்பா? நான் அப்படித்தான் நெனச்சேன். பத்தே நாள்ல சாமான் ஏத்தீட்டு சித்தோட்டுக்குப் போயிட்டாங்க. கொழுந்தனாரு எங்கூட்டுக்காரருகிட்டச் சாவியக் குடுத்துட்டுப் போனாரு. எங்கிட்ட மூஞ்சி குடுக்கலை.

அவங்க போயி ரெண்டாம் வாரம் நம்பியூர்க்காரங்க பொண்ணு பாக்க வந்தாங்க. யாருக்குன்னு நெனைக்கற? எங்கோகிக்கு. நான் அம்மனுக்குப் பொங்க வெக்கறேன்னு வேண்டியிருந்தேன், அதனாலதான் தாரணிக்குன்னு தட்டிப் போனது திரும்பி வந்துச்சுன்னு ஊரெல்லாஞ் சொன்னேன். நிச்சயமும் ஆயிருச்சு.

அதுக்குள்ள மெஷின் சுத்தமா நின்னு போச்சு. ஆரஞ்சு வெளக்கு மினுக்கு மினுக்குன்னு அடிக்குது, கம்ப்யூட்டர்ல என்னமோ நெறைஞ்சு போச்சுன்னு காட்டுது. காலியாத்தான போச்சு, நெறையறதுக்கு என்ன இருக்குதுன்னு தூக்கீட்டு ரிப்பேர்க் கடைக்குப் போனேன். அந்த மனுசன் திருப்புளி எடுத்துக் கழட்டி, அடியில இருந்து நீளமா ஒரு பஞ்சுப் பட்டையை இழுத்தாரு. பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்சு மாதிரி. சொதசொதன்னு கருப்பா ஊறிக் கெடக்குது. பேப்பரு மேல வெச்சா செவப்பும் நீலமும் மஞ்சளும் தனித்தனியாப் பிரிஞ்சு ஓடுது. உங்க மை பூராவும் இங்கதானுங்கம்மா இருக்குதுன்னாரு.

செவுத்துல அணைச்சா அதுக்குக் காட்ரிஜ் வாயை மூடி வெக்க நேரமிருக்காதாம், மை காஞ்சு போகுமாம். மறுபடி போடறப்பெல்லாம் வாய் கொப்புளிக்கற மாதிரி மையைத் துப்பித் துப்பித்தான் சுத்தம் பண்ணிக்குமாம். அந்தத் துப்புனதெல்லாம் இந்தப் பஞ்சுல போயி ஊறுமாம். அதான் அந்தக் கரகரப்பு. நான் ரெண்டு தாள் எடுக்க அது இருபது தாளு மையைக் குடிச்சிருக்குது. வெளிய ஒரு சொட்டுப் போகலை.

நான் அந்தப் பஞ்சையே பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு மொதல்ல வந்தது என்ன தெரியுமா? கோவம். சிக்கனமா இருந்தது ஒரு குத்தமா? அந்தப் பொட்டிக்குப் பேச வாயில்லையா, வெளக்கை அப்பவே மினுக்கியிருந்தா என்ன? கூடவே இருந்து அதும் எனக்குத் துரோகம் பண்ணீருச்சு. அப்புறம் இன்னொண்ணு நெனச்சேன். சரி, மை திருடலை, ஒத்துக்கறேன். ஆனா ஜாதகம் போச்சே? அதுக்கு என்ன சொல்லுவா? அதைப் புடிச்சுக்கிட்டேன். அதையும் உட்டுட்டா நான் எங்க போறது?

போன வாரம் முகூர்த்தப் பொடவை எடுக்கப் போனோம். சம்பந்தியம்மா பக்கத்துல உக்காந்து பொடவையப் பிரிச்சுக்கிட்டே, எங்கங்க உங்க ஓரகத்தி, அவங்கதானுங்க இந்தச் சம்பந்தத்துக்கே ஆதிங்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. அந்தம்மா சொல்லுது, தமயந்திதான் நேர்ல கொண்டு போயி ஜாதகத்தைக் குடுத்தாளாம். ஜெராக்ஸ் கடையில கலர் எடுத்து, அவ போன்ல இருந்த போட்டோவப் போட்டு, நாலு மூலைக்கும் மஞ்சள் வெச்சு. அந்தம்மா கேட்டிருக்குது, உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குதுன்னு தரகரு சொன்னாரேன்னு. அதுக்கு இவ சொன்னாளாம்:

"மூத்தவளுக்கு மொதல்ல ஆகட்டுமுங்க. எங்கக்காவோட மெஷின் சரியில்லை, அவங்க மனசொடிஞ்சு உக்காந்திருக்கறாங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டாம், அவங்க அனுப்புனதாவே இருக்கட்டும்."

கடையில அத்தனை பொடவை விரிச்சுக் கெடந்துச்சு, எனக்கு ஒரு கலரும் கண்ணுக்குத் தெரியலை.

இதைச் சொல்லாம மறைச்சாளே அம்மிணி, அதுதான் துரோகம். மை எடுத்திருந்தாக்கூட நான் மன்னிச்சிருப்பேன். திதியன்னைக்கு நான் அத்தனை பேரு முன்னாடி கத்தறப்ப, நான் குடுத்தது உங்க கோகி ஜாதகந்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த எடத்துலயே வாயை மூடியிருப்பேன். சொல்லாம என்னைய முழுசாப் பேச உட்டுட்டுப் போயிட்டாளே. இப்படியா ஒருத்தி பழி வாங்குவா?

கோகிகிட்டப் போன்ல இதைத்தான் சொல்லி அழுதேன். அவ கேட்டா, சித்தி சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பயாம்மான்னு. நம்பியிருக்க மாட்டேன். கதை கட்டறயான்னு கேட்டிருப்பேன், பந்தியில இன்னும் நாலு வார்த்தை சேத்துப் பேசியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருசம் எங்கூட இருந்தவளுக்குத் தெரியாதா? நாந்தான் அவளுக்குத் துரோகம் பண்ணீட்டேன் அம்மிணி. வாய் உட்டு இன்னைக்குத்தான் சொல்றேன், அதும் உங்கிட்ட. ஊட்டுல யாருகிட்டயும் சொல்ல வரலை.

சித்தி வராம நான் மணவறையில உக்கார மாட்டேன்னுட்டா கோகி. எங்கூட்டுக்காரரு காலையில இந்தப் பத்திரிகையை எடுத்துக் கையில குடுத்து, முறையாப் போயி வெச்சு அழைச்சுட்டு வான்னாரு. வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் பையில இருக்குது. பஸ் ஏறுனதுல இருந்து கவர் மேல பேரெழுதலாம்னு பேனாவை எடுக்கறேன், வெக்கறேன். இதப் பாரு, உள்ள அழைக்கறவங்க பேரு போட்டிருக்குதே, மூணாவது வரியில பாரு, சித்தப்பா சித்தின்னு அவங்க ரெண்டு பேரு பேருதான். அச்சாபீசுல கேட்டப்ப எங்கூட்டுக்காரரு ஒரு நொடி யோசிக்கலை. அழைக்கறவளுக்கே அழைப்பு வெக்கறதா? ஊட்டு ஆளுக்கு யாராவது பத்திரிகை வெப்பாங்களா? இதுல அவ பேரை எழுதி நீட்டுனேன்னா, நீ வெளியாளுதான்னு மறுபடியும் ஒரு தடவை நானே சொன்ன மாதிரி ஆயிரும்.

அது சித்தோடுதான? டிரைவருகிட்டச் சொல்லு அம்மிணி, எறங்கோணும். அந்தப் பொட்டியச் சித்த தூக்கிக்க. உம்பேரு என்ன சொன்ன? வினோதினியா. இரு, எழுதறேன். இந்தா, புடி. நம்பியூர் மண்டபம், ஆவணி எட்டு. பத்திரிகை வெளியாளுக்குத்தான் வெக்கோணும், நீ வாங்கிக்க. நீ கட்டாயம் வா. அந்த வெத்தலை பாக்கெல்லாம் பையிலயே இருக்கட்டும், நான் வெறுங்கையோட போயி அவ கதவைத் தட்டறேன்.